மலையழகும் கைத்திறனும்

அட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் வீதியிலே கித்துல்கல என்னும் ஊர் உளது. ‘குவாய் நதிப் பாலம்’ என்ற ஆங்கிலப் படத்திற்காக அங்கே களனி கங்கைமீது அமைத்த பாலம் 1957இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1984இல் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்திற்குக் கண்டி மலைகள் வெளிக்காட்சியாயின. அதன் உட்காட்சிகளுள் பெரும்பாலானவை உருவானது எங்கே? அமெரிக்காவிலன்று, இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவிலே!

ஹொலிவூட்டையே உடையோர் இங்கிலாந்தை நாடுவானேன்? மொழி ஒன்றாயிருப்பது ஒரு காரணம், பணம் மற்றொன்று. அமெரிக்கக் கம்பெனிகள் பிரித்தானியாவில் ஈட்டிய வருவாயை முழுவதும் வெளியே கொண்டுசெல்லாதவாறு 1948ஆம் ஆண்டு உடன்படிக்கை தடுத்தது. 1950இல் தோன்றி 1985இல் ஒழிந்த ஈடி வரியோ, நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கைப் பிரித்தானியத் தயாரிப்புகளுக்கு அளித்தது. இன்றும் வரிச்சலுகை உண்டு. எனினும், கைதேர்ந்த தச்சரும் ஓவியரும் ஒளியமைப்போரும் இல்லாவிடத்துச் சலுகையால் யாது பயன்?

நம்மிடம் வந்தோர் மலையையும் ஆற்றையும் படம்பிடித்துச் சென்றனர். இங்கே விளைந்த தேயிலை நெடுங்காலம் இலண்டனிலே கலந்து பொதிசெய்யப்பட்டுப் பிறர் பெயரால் விலைபோன கதையன்றோ இது?

இயற்கையழகு விருந்தினரை ஒருமுறை அழைக்கும்; கற்ற தொழிலே அவரை மீண்டும் வரச்செய்யும். ஆதலின், பொன்விழா நினைவாக வளைவு எழுப்புவதினும், தச்சும் மின்தொழிலும் ஒளிப்படக்கலையும் பயிற்றும் சிறு கூடமொன்று அமைப்பதே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் செய்யத்தக்க கடன். பழைய மாணவர்கள் சிந்திப்பார்களாக!