பெயரிலும் பதுக்கலா?

அரிசியைப் பதுக்கினார்கள், மண்ணெண்ணெயைப் பதுக்கினார்கள். இன்று இணையத்திலே பெயரையும் பதுக்குகிறார்கள்! சங்கத்துக்கு ஒரு முகவரி தேடும் தோழர், 'டாட் காம்' வரிசையில் நல்ல சொல்லையெல்லாம் எவனோ வளைத்துப் போட்டிருப்பதைக் காண்கிறார். 1995 வரை கட்டணமின்றிக் கொடுக்கப்பட்டவை அவை! 'வாய்ஸ் டாட் காம்' என்ற ஒரே பெயர் 2019-ல் 3 கோடி டாலருக்கு விலைபோயிற்று. சொல்லுக்கு இந்த விலையென்றால் ஏழைச் சங்கம் எங்கே போகும் என்று கேட்கிறோம்.

தமிழெழுத்திலேயே 'டாட் இந்தியா' வரிசைக்கு 2011-ல் இடம் கிடைத்தது. அங்கே நம்மவர் எத்தனை பேர்? சொன்னால் கேட்டபடியே எழுதக்கூடிய பெயராகப் பாருங்கள். பதிவு செயலாளர் பெயரிலல்ல, சங்கத்தின் பெயரிலே இருக்கட்டும். கட்டணம் தவறினால் முகவரி பிறர் கைக்குப் போய்விடும்; சந்தாக் கணக்கிலே அதற்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்.