மாளிகையும் குடிநீர் மண்டபமும்

துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரை ஆசியப் பகுதி, ஐரோப்பியப் பகுதி என இரு கூறாக்குவது பாஸ்பரஸ் நீரிணையாகும். அதன் ஆசியக் கரையில், சிற்றோடை ஒன்று கடலொடு கலக்குமிடத்தில், அழகிய சிறு மாளிகையொன்று திகழ்கின்றது. 'சிறுபுனல்' எனப் பொருள்படும் கூச்சுக்சு என்னும் ஓடையின் பெயரே மாளிகைக்கும் வழங்குகின்றது.

முன்பு மரமாளிகை இருந்த இடத்தில், உதுமானியப் பேரரசர் அப்துல் மஜீது இதனைக் கல்லால் எழுப்புவித்தார். நிகோகோஸ் பால்யான் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த இம்மாளிகை, 1857-ஆம் ஆண்டளவில் நிறைவுற்றது. முகப்பெங்கும் பூ வேலைப்பாடுகள். கடலை நோக்கி இருபுறமும் வளைந்திறங்கும் படிகள். அறைகளிலே, ஒன்றைப்போல் மற்றொன்று இராத பளிங்குக் கணப்புகள். இத்துணைச் சிறப்பிருந்தும் இங்குப் படுக்கையறை இல்லை. ஏனெனில், மன்னர் வேட்டைக்கும் உலாவுக்கும் வரும் பகற்பொழுதில் இளைப்பாறுவதற்கென்றே இது கட்டப்பட்டது.

அக்காலத்தில் அரசின் நிலை யாது? கிரீமியப் போர்ச் செலவுக்காக, 1854-இல் பேரரசு முதன்முதலாக அயல்நாட்டில் கடன் பெற்றது. பின்னரும் கடன்மேற் கடன் வளர்ந்தது. 1875-இல், வட்டியை முழுமையாகச் செலுத்த இயலாதென அரசே அறிவிக்க நேர்ந்தது. 1881 முதல், உப்பு, புகையிலை முதலியவற்றின் வருவாயைக் கடன்கொடுத்தோரின் அமைப்பே திரட்டலாயிற்று. மாளிகைகளால் மட்டுமே இந்நிலை வந்ததெனக் கூறுதல் நடுநிலையாகாது. போர்களும் பிறவும் காரணங்களே. ஆயினும், கடன் வாங்கும் காலத்தில் ஒருவரின் பகற்பொழுதுக்கென ஒரு மாளிகை எழுப்புதல் முறையாகுமா?

இவ்வினாவிற்கு விடை பகர்வதுபோல், மாளிகையின் அருகே பளிங்கு மண்டபமொன்று நிற்கின்றது. மூன்றாம் சலீம் மன்னர் தம் அன்னையார் மிஹ்ரிஷா பெயரால் 1806-இல் அமைத்த குடிநீர் மண்டபம் அது. அதுவும் அரசர் செல்வத்தால் எழுந்ததே. அதிலும் கலையழகு குறைவின்றி மிளிர்கின்றது. ஆனால், ஓடைக்கரைப் புல்வெளிக்கு உலாவ வந்த மக்களின் வேட்கை தணிக்கவே அது எழுந்தது. அழகும் அறமும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

ஆயின், மாளிகையை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையாகாது. கல்லைப் பூவாக்கிய தொழிலாளரின் கைத்திறன் அதில் வாழ்கின்றது. 1983 முதல் அஃது அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ஒருவருக்கென எழுந்தது இன்று பலருக்கும் உரியதாயிற்று. எனினும், அம்மாளிகை மக்களை அடைய நூற்றாண்டுக்குமேல் ஆயிற்று. குடிநீர் மண்டபமோ தோன்றிய நாளிலேயே மக்களுடையதாக இருந்தது. இவ்வேறுபாட்டை உணர்தலே அக்கரைக்குச் செல்வோர் பெறத்தக்க பெரும்பயனாகும்.