எண்ணுவது வேறு, எட்டிப் பார்ப்பது வேறு

ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. போன வாரம் சங்கக் கூட்டத்தில் (திருவனந்தபுரத்தில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்துவது) ஒரு பெரியவர் கேட்டார். "தம்பி, நம்ம வெப்சைட்டை எத்தனை பேர் பார்க்கிறாங்க? ஒரு கவுண்டர் போடேன்." டெக்னோபார்க்கில் வேலை என்று சொல்லிவிட்டால் இந்த மாதிரி வேலையெல்லாம் நம் தலையில்தான் :-)

பக்கத்தில் இருந்தவர் உடனே, "எந்த ஊர்ல இருந்து, யார் யார் வர்றாங்கன்னும் தெரியற மாதிரி போடுங்க சார்" என்றார். அங்கேதான் எனக்குப் பழைய கதை ஞாபகம் வந்தது.

2007, 2008 வாக்கில் பதிவு எழுதிய எல்லாருக்கும் ஹிட்ஸ் பைத்தியம் இருந்தது. சைட்மீட்டர், ஸ்டாட்கவுண்டர் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். கழக்கூட்டத்தில் ஒண்டிக்கட்டையாக அறையெடுத்துத் தங்கியிருந்த எனக்கு, சிங்கப்பூர், துபாய், டொராண்டோ என்று வரிசையாக ஊர்ப் பெயர் வருவதைப் பார்ப்பதே பெரிய ஆறுதல். மஸ்கட்டிலிருந்து எனக்கு ஒரே ஒரு வாசகன். என்னோடு கும்பகோணத்தில் படித்தவன். ஒரு நாள் பார்க்கிறேன், ராத்திரி இரண்டு மணிக்கு மஸ்கட்டிலிருந்து ஐந்து முறை, ஒரே பதிவுக்கு. எங்கள் ஊர் மகாமகக் குளத்தைப் பற்றி எழுதியது. போன் போட்டு, "என்னடா, தூங்காம என் பதிவையே படிச்சிட்டு இருக்கியா?" என்று கிண்டல் செய்தேன். எதிர்முனையில் பேச்சே இல்லை. அவனுக்கு வேலை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பிறகு என் கவுண்டரில் மஸ்கட் வரவே இல்லை.

நிற்க. இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஒன்றுக்கு ஒன்று பிக்சல் அளவில், பின்னால் இருப்பது அப்படியே தெரிகிற மாதிரி ஒரு ஜிஃப் படம். மொத்தமே 43 பைட். பக்கத்தைத் திறந்ததும் பிரவுசர் "அந்தப் படத்தைக் கொடு" என்று சர்வரிடம் கேட்கும். கேட்ட கணமே ஒரு வருகை கணக்கில் ஏறிவிடும். கூடவே ஐபி முகவரி, பிரவுசரின் பெயர், குக்கி இருந்தால் அதுவும் வந்து சேரும். ஜாவாஸ்கிரிப்ட் தேவையே இல்லை. பழைய போன், மெதுவான நெட், ஸ்கிரிப்டை அணைத்து வைத்தவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் போதாதா என்பீர்கள். ஓசியில் இடம் வாங்கித் தளம் நடத்துகிறவர்களுக்கு அந்தப் பதிவேடு கைக்கு வராது.

எண்ணுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. குறை சொல்ல வேண்டியது படத்தை அல்ல, கூடவே வருவதைச் சேர்த்து வைக்கும் நம் ஆசையை.

அந்த ஆசை எங்கே போய் நிற்கும்? 2022 ஜூனில் தி மார்க்கப் என்ற செய்தித்தளம் அமெரிக்காவின் 100 முன்னணி மருத்துவமனைகளின் தளங்களைச் சோதித்தது. 33-ல் மெட்டாவின் பிக்சல் இருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தினால் அந்தத் தகவல் ஃபேஸ்புக்குக்குப் போனது. (பெயர்தான் பிக்சல், உள்ளே இருப்பது ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் ஓடாத இடத்துக்கென்று அதே பழைய படத்தையும் வைத்திருப்பார்கள்.)

அவ்வளவு தூரம் போவானேன்? இதே திருவனந்தபுரத்தில், 2020 ஏப்ரலில், கொரோனா தகவல்களை அமெரிக்க நிறுவனமான ஸ்பிரிங்க்ளரிடம் கேரள அரசு கொடுத்தது பெரிய சர்ச்சையானது. பெயர் அடையாளங்களை நீக்கிவிட்டுத்தான் தர வேண்டும், மக்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஏப்ரல் 24 அன்று உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நோய்த்தொற்றுக் காலத்தில் அரசுக்கே அந்த நிபந்தனை என்றால், ஒரு சங்கத்துக்கு எதற்கு யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல்?

எங்கள் தளத்தில் ரத்தம் தேவை, வரன், வேலை வாய்ப்பு என்று பக்கங்கள் இருக்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு வேலை வாய்ப்புப் பக்கத்தைப் பார்க்கிறவர் யார் என்று கமிட்டிக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

கடைசியில் செய்தது இதுதான். படம் எங்கள் சர்வரிலேயே இருக்கிறது. குக்கி கிடையாது. பக்கத்தின் பெயர், தேதி இரண்டை மட்டும் எழுதிக்கொள்கிறோம். சர்வரின் வழக்கமான பதிவேட்டிலும் ஐபி முகவரி எழுதுவதை நிறுத்தியாச்சு. படத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரவுசருக்கு ஒரு வரி சொல்லியிருக்கிறோம், இல்லாவிட்டால் மறுமுறை வருபவர் கணக்கில் விடுபடுவார். ஒரே ஆள் பத்து முறை வந்தால் பத்து என்றுதான் காட்டும். காட்டட்டுமே! பக்கத்தின் அடியில், "வருகையை மட்டும் எண்ணுகிறோம், வருபவரை அல்ல" என்று தமிழில் ஒரு வரியும் உண்டு.

"துபாய்ல எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு தெரியாம போயிடுமே" என்று அந்த நண்பருக்குக் குறைதான். தெரிய வேண்டும் என்றால் கேட்போம் சார், சொல்ல விரும்புகிறவர்கள் சொல்வார்கள் என்றேன்.

பி.கு.: இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஊர்ப் பட்டியல் கவுண்டரையும் எடுத்துவிட்டேன். மஸ்கட் நண்பன் இப்போது கும்பகோணத்தில் கடை வைத்திருக்கிறான். இதைப் படிப்பானா என்று தெரியாது. படித்தால், மன்னிச்சுக்கோடா.