பழக்கமா? அடிமைத்தனமா?

"அவன் இனித் திருந்தமாட்டான்." குடிக்கின்ற ஒருவரைப் பற்றி எமது ஊர்களிலே அடிக்கடி கேட்கின்ற தீர்ப்பு இது. குடிப்பவர் எல்லோரையும் ஒரே தராசிலே நிறுத்துவிடுகிறோம். ஆனால் பயிர் மஞ்சளித்தால் நாம் அப்படிச் செய்வதில்லை. பசளை குறைவா, வேர் அழுகிவிட்டதா என்று முதலில் பிடுங்கிப் பார்க்கிறோம். வேரழுகிய பயிருக்கு யூரியா போட்டு ஆவதென்ன? இந்தப் பொறுமையை மனிதருக்கும் காட்டவேண்டாமா?

இரண்டு தகப்பன்மாரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கூலி கிடைக்கும் நாளிலே கூட்டாளிகளுடன் கள்ளுக் குடிக்கிறார். பிள்ளைக்குக் கொப்பி வாங்க வைத்த காசும் சில வேளை அதிலே போகிறது. மனைவி கண்டித்தால் வெட்கப்படுகிறார். தவக்காலம் வந்தால் 40 நாளும் தொடாமல் இருக்கிறார். இது கெட்ட பழக்கம். கடிவாளம் இன்னும் அவர் கையிலே இருக்கிறது. கண்டிப்பும் புத்திமதியும் நல்ல சிநேகமும் அவரைத் திருப்பிவிடும்.

மற்றவருக்கோ காலையிலே கை நடுங்குகிறது. கசிப்பு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது. முன்பு போதுமாயிருந்த அளவு இப்போது போதாது. தோட்டத்துப் பக்கம் போகும் எண்ணமே விட்டுப்போயிற்று. பிள்ளையின் தலையில் கைவைத்து மூன்று முறை சத்தியம் செய்தார், மூன்று முறையும் மனமாரச் செய்தார், மூன்றும் முறிந்தன. இது அடிமைத்தனம். உலக சுகாதார நிறுவனம் இதனை நோய்களின் வரிசையிலே வைத்திருக்கிறது. அவரைப் பொய்யர் என்பது தவறு. கால் முறிந்தவரை ஓடச் சொல்லிவிட்டு, விழுந்ததற்காக ஏசுகிறோம்.

இது எங்கே தொடங்கியது என்பதையும் மறக்கலாகாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் எங்குமிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறியவர்கள் நாம். விடியற்காலையில் தண்ணீர் இறைத்துப் பழகிய கமக்காரன், கிணறும் மாடும் காணியும் இழந்து கூடாரத்துக்குள்ளே சும்மா இருந்தான். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் பலர். காரணம் விளங்குகிறது. ஆனால் அதற்காக மனைவி பிள்ளைகளை அடிப்பதை எவரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

"நோய் என்று சொன்னால் அவனுக்கு அது சாட்டாகிவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு: மருந்துக்குப் போகவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் நாள்தோறும் குடித்தவரை அறையிலே பூட்டித் திடீரென நிறுத்தப் பார்க்காதீர்கள். குடியை நிறுத்திய சில மணித்தியாலங்களிலே நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். அதன் பின் புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பயப்படலாம். உயிரே போகவும் கூடும். இது பேய்க்குணம் அல்ல. வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வைத்தியர் மருந்தினால் இதைத் தணித்து, விற்றமின் பி1 கொடுத்து, நிறுத்துவதற்கு வழி செய்வார்.

அப்படியானால் செபத்துக்கு இடம் எங்கே? 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரிலே, குடியோடு போராடிய பங்குச்சந்தை முகவர் பில் வில்சனும் வைத்தியர் பொப் சிமித்தும் சந்தித்தார்கள். "எங்கள் பலம் போதாது" என்று ஒப்புக்கொண்டு, தம்மிலும் பெரிய சக்தியிடம் கையேந்தி, ஒருவரையொருவர் தாங்கியே மீண்டார்கள். 'பெயர் வெளியிடாக் குடிநோயாளர்' இயக்கம் அப்படித்தான் பிறந்தது. செபம் மருந்துக்கு எதிரி அல்ல. தன் இயலாமையைச் சொல்லி உதவி கேட்பதற்கு அது துணிவு தருகிறது.

கப்பர்நாகூமிலே திமிர்வாதக்காரன் தானாக நடந்து இயேசுவிடம் வரவில்லை. நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கினார்கள். எமது அயலிலும் அந்த நால்வர் தேவை: வைத்தியசாலைக்குக் கூடப்போக ஒருவர், குடியை விட்டவர் ஒருவர் துணைக்கு, அவருடைய தோட்டத்தைப் பார்க்க ஒருவர், அவருடைய மனைவியின் குறையைக் கேட்க ஒருவர். தீர்ப்புச் சொல்ல ஊரிலே ஆட்கள் நிறைய உண்டு. கட்டிலைத் தூக்க வருபவர் யார்?