சமையலறையில் பிறந்த பிராணவாயு

ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும். வயலின்காரர் சுருதி சேர்க்கும் நேரத்துக்கும் காசு, பாடகர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரத்துக்கும் காசு. பெரிய கம்பெனியின் தயவு இல்லாத இசைக் கலைஞன் முதலில் தோற்பது கடிகாரத்திடம்தான். 1976 ஆகஸ்டில் பாரிஸ் இளைஞர் ஒருவர் அந்தக் கடிகாரத்தை நிறுத்தினார். ஷான்ஸெலிஸே வீதிக்கு அருகிலிருந்த தன் குடியிருப்பின் சமையலறையில் கருவிகளை அடுக்கிக்கொண்டு ஆல்பம் போட உட்கார்ந்தார். பெயர் ழான்-மிஷெல் ழார். அந்த மாதம்தான் அவருக்கு 28 வயது நிறைந்தது.

இந்திய ரசிகர்களுக்கு அவருடைய தந்தையின் இசை பரிச்சயமாக இருக்கும். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'டாக்டர் ஷிவாகோ', பிற்பாடு 'எ பாஸேஜ் டு இந்தியா' என்று டேவிட் லீனின் மூன்று படங்களுக்கு இசையமைத்து மூன்று ஆஸ்கர் வாங்கிய மோரிஸ் ழார். பிரம்மாண்டமான ஆர்கெஸ்ட்ராக்களின் மனிதர். ஆனால் மகன் சிறுவனாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தந்தையின் ஆர்கெஸ்ட்ரா மகனுக்குச் சொத்தாக வரவில்லை. மகன் போய்ச் சேர்ந்த இடமும் நேர் எதிரானது. ரயில் சத்தத்தைப் பதிவு செய்து, அதை இசையாக்கிக் காட்டிய பியர் ஷாஃபெரின் ஆய்வுக் குழு அது. அங்கிருந்து வெளியே வந்த பிறகு மற்றவர்களுடைய பாட்டுகளுக்கு வரிகள் எழுதினார். ஒரு படத்துக்கு இசையமைத்தார். தன் பெயர் சொல்லும்படியாக ஒன்றும் அமையவில்லை.

சமையலறையில் இசைத்தட்டு தயாரிக்க முடியுமா? வீணையாக இருந்தால் முடியாது. மைக் வைத்த மறுநிமிடம் பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் சேர்ந்து பதிவாகிவிடும். எலெக்ட்ரானிக் இசைக்கு அந்தத் தொல்லை இல்லை. சிந்தசைசரிலிருந்து புறப்படும் மின்சாரம் ஒயர் வழியாக நேராக ஒலிநாடாவுக்குப் போய்விடும். நடுவே காற்றுக்கு வேலையே கிடையாது. பக்கவாத்தியக்காரர்களும் வேண்டாம். ஒரே ஆள் ஒவ்வொரு பகுதியாக வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம்.

ழாரிடம் இருந்ததை இன்றைய கணக்கில் வசதி என்று சொல்ல முடியாது. எட்டு டிராக் கொண்ட ஒரு டேப் ரிக்கார்டர். சில சிந்தசைசர்கள். டச்சு நாட்டுத் தயாரிப்பான எமினென்ட் ஆர்கன் ஒன்று. கிதார்காரர்கள் காலால் மிதித்து இயக்கும் ஃபேஸர் என்ற சின்னப் பெட்டிக்குள் அந்த ஆர்கனின் ஒலியைச் செலுத்தினார். மூச்சு வாங்கி விடுவது போன்ற அந்த அலை ஒலிதான் ஆல்பத்தின் அடையாளமாயிற்று. தாளத்துக்கு, பொத்தானை அழுத்தினால் ரும்பாவோ வேறொரு நடையோ கொடுக்கும் ஜப்பானிய ரிதம் பாக்ஸ். ஒரு சமயத்தில் ஒரு நடை என்பதுதான் அதன் இயல்பு. இரண்டு பொத்தான்களை ஒட்டும் டேப்பால் அழுத்தி ஒட்டிவிட்டார் ழார். தயாரித்தவர்கள் நினைத்தே பார்த்திராத மூன்றாவது தாளம் ஒன்று பிறந்தது.

எட்டு டிராக் என்பது கறாரான கணக்கு. நிரம்பிவிட்டால் ஏற்கெனவே வாசித்ததில் ஒன்றை அழிக்கவேண்டும். அல்லது இரண்டு மூன்றை ஒரே டிராக்கில் கலக்கவேண்டும். கலந்த பிறகு பிரிக்க முடியாது. அந்தக் கால சிந்தசைசர்களுக்கு ஞாபகசக்தியும் கிடையாது. திருகுகளைத் திருப்பித் திருப்பி ஒரு நல்ல ஒலி அமைந்தால் அப்போதே பதிவு செய்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அதே ஒலி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எனவே ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை முடிவு செய்தே தீரவேண்டியிருந்தது. நேரத்துக்குத் தட்டுப்பாடில்லை, இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. ஆல்பம் முடிந்ததற்கு முதலாவது காரணம் என்றால், நன்றாக முடிந்ததற்கு இரண்டாவது காரணம்.

நவம்பரில் பதிவு முடிந்தது. ஆறு பகுதிகள், சுமார் 40 நிமிடம். பாட்டு இல்லை, பாடகர் இல்லை; பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர்கூட இல்லை, வெறும் எண்கள். ஆல்பத்துக்கு 'ஒக்ஸிழேன்' என்று பெயர். அதாவது பிராணவாயு. அட்டையில் மிஷெல் கிராஞ்ஜேயின் ஓவியம்: பூமியின் மேல்தோல் உரிந்து உள்ளே மண்டையோடு தெரிகிறது. டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த காலம் அது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கம்பெனிகள் கைவிரித்தன. ஒரு வாயுவின் பெயரை வைத்து, அட்டையில் மண்டையோட்டையும் போடுவானேன் என்று தன் தாயே கேட்டதாக ழார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஃபிரான்ஸிஸ் டிரேஃபஸ் என்பவரின் சிறிய கம்பெனி துணிந்தது. ஷாஃபெரின் குழுவில் ழாருடன் படித்தவர் டிரேஃபஸின் மனைவி.

1976 டிசம்பரில் பிரான்ஸில் வெளியான இசைத்தட்டு மறு ஆண்டு உலகச் சந்தைக்குப் போனது. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. இதுவரை ஒரு கோடிக்கும் மேல் விற்றிருக்கலாம் என்பது கணிப்பு. 1979 ஜூலை 14 அன்று பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் ழார் வாசித்தபோது கூடிய கூட்டம் 10 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது.

இன்று ஒரு மடிக்கணினி இருந்தால் ழாரின் சமையலறை மொத்தமும் அதற்குள் அடங்கிவிடும். கோஹிமாவிலோ கோவையிலோ படுக்கையறையில் உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு எட்டல்ல, நூறு டிராக்கும் உண்டு. எந்த ஒலியும் தொலையாது, எந்த முடிவையும் மாற்றிக்கொள்ளலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. முக்கால்வாசி முடிந்த ஆல்பங்கள் கணினியிலேயே தூங்கிப்போவதற்குத் திறமைக் குறைவோ பணக் குறைவோ மட்டும் காரணமல்ல. 'போதும்' என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை, ஆளும் இல்லை.

ழாருக்கு இது புரிந்திருந்தது. 2016இல் 'ஒக்ஸிழேன்' வரிசையில் மூன்றாவது ஆல்பம் வெளியானபோது அவருக்கு 68 வயது. எந்தக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில். எந்தக் கம்பெனியும் அவசரப்படுத்தாது. அவரே தனக்கு ஆறு வாரம் கெடு வைத்துக்கொண்டார்.