திரையில் யார் வைத்த வடிகட்டி?

லார்வா லேப்ஸ் நிறுவனம் 2017-இல் 'கிரிப்டோபங்க்ஸ்' என்ற பெயரில் 10,000 முகங்களை நிரல் வழியே உருவாக்கியது. ஒவ்வொன்றும் 24-க்கு 24 புள்ளிகள் கொண்ட சிறு படம். பெரும்பாலானவை இலவசமாகவே தரப்பட்டன. பின்னாளில் அவை பெருந்தொகைக்குக் கைமாறியபோது, கறுத்த முகங்கள் வெளுத்த முகங்களைவிடக் குறைந்த விலைக்குப் போவதை 2021-இல் புளூம்பெர்க் வெளிக்கொண்டுவந்தது. உடலே இல்லாத இடத்திலும் தோலுக்கு விலை குறிக்கப்படுகிறது.

இது வாங்குபவரின் ரசனை, சந்தை என்ன செய்யும் என்று கேட்பார்கள். அந்த ரசனை வெற்றிடத்தில் இயங்கவில்லை. திரை வழியாகத்தான் இயங்குகிறது. மெய்நிகர் சொத்துச் சந்தையில் எது முதலில் தெரியவேண்டும், எதைக்கொண்டு வடிகட்டலாம், எதை 'அரிது' என்று காட்டலாம் என்பதையெல்லாம் வடிவமைப்பாளரே முடிவு செய்கிறார். ஒரு பண்புக்குப் பக்கத்தில் அதன் பழைய விற்பனை விலையை எழுதிவைத்தால், நேற்றைய பாகுபாடு இன்றைய 'தகவல்' ஆகிறது. நாளைக்கு அதுவே மதிப்பு.

திரையை மாற்ற முடியாதா? ஏர்பிஎன்பி தளத்தில் கறுப்பின மக்களுக்குரியவையாக அறியப்படும் பெயர்களில் இடம் கேட்டவர்களுக்குச் சம்மதம் கிடைப்பது குறைவு என்று அமெரிக்க ஆய்வொன்று 2017-இல் காட்டியது. மறு ஆண்டே, முன்பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினரின் படம் தெரியும் என்று அந்நிறுவனம் மாற்றியது. ஆக, எதைக் காட்டுவது என்பது இயற்கையின் விதி அல்ல; மனிதர் எடுக்கும் முடிவு.

நமக்கு இது புதிதல்ல. பெயருக்குப் பின்னால் ஒட்டிய சாதிப்பட்டத்தை நீக்கச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பட்டம் போனது, "எந்தத் தெரு?" என்ற கேள்வி போகவில்லை. திருமணத் தகவல் தளங்களிலோ சாதி இன்றும் ஒரு தேடல் கட்டமாகவே நிற்கிறது.

எனவே மறைப்பது மட்டும் போதாது. விற்கப்படும் பொருளே முகம் என்றால் அதை மறைக்கவும் வழியில்லை. தோல் நிறத்தைத் தேடல் கட்டமாக வைக்காதே, விலை வேறுபாட்டைத் தணிக்கை செய்து வெளியிடு, வடிவமைக்கும் மேசையில் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் கொடு. இம்மூன்றையும் நாம் கேட்க வேண்டும். புதிய சந்தைகள் இப்போதுதான் கட்டப்படுகின்றன. அக்கிரகாரமும் சேரியும் அதில் எழுந்த பிறகு இடிக்கக் கிளம்புவதைவிட, வரைபடத்திலேயே அவற்றை அழிப்பது எளிது.