சென்னை எவ்வளவு தூரம்?

மதுரைக்கும் சென்னைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விடைகள் உண்டு. வான்வழியே நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். சாலை வழியே சுமார் 460. இருப்புப்பாதை வழியே சுமார் 490. மூன்றும் சரியே. ஆனால் பயணம் செய்பவனின் தூரத்தை இம்மூன்றும் சொல்வதில்லை என்பதே என் கருத்து.

முதலில் விமானத்தைப் பார்ப்போம். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகமென்றால் அரைமணியில் சென்னை வந்துவிட வேண்டும் என்று இயற்பியல் மாணவன் கணக்குப் போடுவான். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒன்றேகால் மணி என்றிருக்கும். நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல், தரையிறங்கி மீண்டும் நிற்பது வரையுள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்கத் தன் முறைக்குக் காத்திருப்பது யாவும் அதில் அடங்கும்.

அது மட்டுமா? மதுரை நகரிலிருந்து விமான நிலையம் செல்ல அரைமணி. முன்னதாகச் சென்று காத்திருக்க ஒன்றரை மணி. மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் வர ஒரு மணி. ஆக நாலேகால் மணி! வேகமான ரயிலோ சுமார் ஆறு மணி நேரத்தில் எழும்பூரில், நகரின் நடுவிலேயே இறக்கிவிடுகிறது. ஐந்து மணியாகத் தோன்றிய வேறுபாடு இரண்டு மணிக்குள் சுருங்கிவிடுகிறது.

அப்படியானால் ரயிலே ஏழைக்குப் போதுமே எனலாம். எந்த ரயில் என்பதுதான் கேள்வி. 1977 ஆகஸ்டு 15 அன்று வைகை விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. முன்பதிவில்லாப் பெட்டிகள் அதில் இன்றும் உண்டு. 2019 மார்ச்சில் தேஜஸ் வந்தது. 2023 செப்டம்பரில் மதுரை வழியாக நெல்லை வந்தே பாரத் வந்தது. வேகம் கூடியது. ஆனால் இவ்விரண்டிலும் முன்பதிவில்லாப் பெட்டி ஒன்றுகூட இல்லை.

என் தந்தை கட்டட வேலைக்குச் சென்னை சென்று வருபவர். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் முதல்நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே எங்கள் சிற்றூரை விட்டுக் கிளம்புவார். இரண்டு பேருந்து மாறி, நிலையத்தில் வரிசையில் நின்று, பொதுப் பெட்டியில் கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டு போவார். அவருக்குச் சென்னை பதினாறு மணி தூரம். போக ஒருநாள், வர ஒருநாள்; இரண்டு நாளும் கூலி இல்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு நாளை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தாலும் இதே தூரந்தான்.

விமானம் வீண் என்று நான் வாதிடவில்லை. தானமாகப் பெற்ற இதயத்தைச் சில மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிர். விஞ்ஞானம் தந்த வேகத்தைப் பழிப்பது அறிவாகாது. அந்த வேகத்தில் உழைப்பவனுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதே என் வாதம்.

விரைவு வண்டிகளில் பொதுப் பெட்டிகளைக் கூட்டுங்கள். ரயில் நேரத்தை ஒட்டிச் சிற்றூர்ப் பேருந்துகளை விடுங்கள். பயண நேரத்தை ஓடுபாதையிலிருந்து அளக்காதீர்கள். குடிசை வாசலிலிருந்து அளந்து பாருங்கள். நாடு எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது என்பதும் அப்போது விளங்கும்.